ஆறரையிலிருந்து எட்டு வரை

யூலை 3
இன்றைக்கும் ஹோண். எங்கள் படலையிலிருந்து சந்தி வரைக்கும் எங்கள் ஊர்ச் செல்வநாயகத்தாரின் வெள்ளைக் கார் பின்னால் கத்திக்கொண்டே வந்தது. இரண்டு சில்லு லான்ட்மாஸ்ரர் உழவு மிசின், பின்னால் இழுவைப் பெட்டி நிறையக் கீரையும் வெண்டியும் - பறக்குமா அது? ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் வாய்க்கால். எங்கே ஒதுங்குவது? சந்தியில் கண்ணாடியை இறக்கி, "பிள்ளை, உந்த மிசினைக் கொண்டு விடிய முந்திப் போனால் என்ன?" என்றார். இருட்டில் நின்று கீரை பிடுங்கட்டாம். அவர் கந்தோரில் பைல் புரட்டப் போவது மட்டும்தான் வேலை, நான் சந்தைக்குப் போவது விளையாட்டு.

யூலை 4
ஹோண். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

யூலை 9
கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். தலைவர் செல்வநாயகத்தாரேதான். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை லான்ட்மாஸ்ரர், ட்ரக்டர் ஒன்றும் பெரிய வீதியில் ஏறக்கூடாதாம். மீறினால் பொலிசுக்குச் சொல்வார்களாம், என் பெட்டிக்குப் பின்னால் லைற் இல்லையாம். இல்லைத்தான். எழும்பிக் கேட்டேன்: "ஏழரைக்கு வியாபாரிமார் வெளிக்கிட்டிடுவினம். பிறகு வாடின கீரையை ஆர் வாங்குவினம்?"
"ஓட்டோவிலை அனுப்பு பிள்ளை."
எத்தனை கை உயர்ந்தது! அந்தக் கைகளெல்லாம் பிசைந்து தின்றது என்ரை தோட்டத்துக் கீரை. வெக்கங்கெட்ட சனம்.

யூலை 12
சந்தியில் தடை நேரம் எழுதின தகரப் பலகை நட்டாயிற்று. அடியில் "எல்லா நாட்களிலும்" என்று எழுதிக் கோடு வேறு போட்டிருக்கிறார்கள்.

யூலை 15
எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வியாபாரிகள் இல்லை. கீரை அரைவாசி மாட்டுக்கு. பிரேதம் போனால் எல்லா வாகனமும் பின்னாலை ஊர்ந்து வருது. சாமி வந்தால் இறங்கி நிக்கினம். மரக்கறி போனால் மட்டும் இவைக்கு என்ன அவசரம்?
"மிசினை வித்துப்போட்டு வேறை ஏதும் பாப்பமே?" என்று என் மனுசன் கேட்டார். பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டேன்.

யூலை 22
பின்னேரம் செல்வநாயகத்தார் வீடு தேடி வந்தார். நாளையின்றைக்குத் தேர், அதற்கும் பொறுப்பு அவர்தான். தேர் பெரிய வீதியால் வரும். பின்னால் பிரதட்டை செய்பவர்கள் உருண்டு வர, தார் சுடாமல் அவர்களுக்கு முன்னால் தண்ணீர் விட்டுக்கொண்டே போகவேண்டும். வருசா வருசம் தண்ணீர்த் தாங்கி ஏற்றிப் போவது எங்கள் லான்ட்மாஸ்ரர்தான். இந்த முறை அவருக்கும் பிரதட்டை நேர்த்தியாம்.
"ஏழு மணிக்கு வந்து வீதியைக் கழுவத் தொடங்கினால் சரி பிள்ளை."
"ஆறரையிலையிருந்து எட்டு வரைக்கும் ஏறக்கூடாதெல்லோ அண்ணை? எல்லா நாளிலும் எண்டு கிடக்கு."
"இது சாமி காரியம்."
"பலகையிலை சாமியைப் பற்றி ஒண்டும் இல்லை."
உள்ளேயிருந்து மனுசன் இருமினார். இருமட்டும் என்று விட்டு நான் சொன்னேன்: "பலகையைப் பிடுங்குங்கோ, வாறன். பிடுங்கினால் பிடுங்கினதுதான், தேர் முடியத் திருப்பி நடேலாது."
முகம் கறுத்துப் போனார்.

யூலை 23
விடிய எழும்பினால் பலகை எங்கள் படலையில் சாய்ந்து கிடக்கிறது.

யூலை 24
தேர். முதல் கியரில், நடை வேகத்தில் போனேன். பின்னால் தண்ணீர், அதில் உருண்டு உருண்டு செல்வநாயகத்தார், அவருக்குப் பின்னால் ஊர். ஒருத்தரும் ஹோண் அடிக்கவில்லை. வளைவு தாண்டியதும் கொஞ்சம், கொஞ்சம்தான், வேகம் கூட்டினேன். நிலத்திலிருந்து சத்தம் வந்தது.
"பிள்ளை, மெல்லப் போ. முதுகு சுடுது."

யூலை 29
பெட்டியின் பின்பக்கத்துக்கு அந்தத் தகரம் அளவாக இருந்தது. எழுத்தை உள்ளே திருப்பி, வெளியே சிவப்பு றிஃப்லெக்டர் ஒட்டி, மனுசன் பூட்டித் தந்தார். வெள்ளைக் கார் பின்னால் வந்தது. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒதுங்கி, போகச் சொல்லிக் கை காட்டினேன். ஹோண் இல்லை. ஏழு மணிக்குச் சந்தையில் நின்றேன். கீரை முழுக்கப் போயிட்டுது.