ஏற்றாத நெய்ப்பந்தம்

அஸ்தம்பட்டி, சேலம்
4-2-1939

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை சென்னியம்மாள் வணக்கமாய் எழுதிக்கொள்வது. நானும் வீட்டுக்காரரும் சுகம். உங்கள் சுகத்தை நீங்களாக எழுதுவதில்லை. யாரிடமாவது விசாரித்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அப்பத்தா படுத்த படுக்கையாம், கஞ்சிகூட இறங்கவில்லையாம். சந்தைக்கு வந்த நம் ஊர்க் குஞ்சம்மாள் சொன்னாள். இதை நான் வேற்றாள் வாயால் கேட்க வேண்டுமா அண்ணா? பிளேக்கில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனபோது, நம் இருவரையும் இடுப்பிலும் தோளிலும் சுமந்துகொண்டு காட்டுக் குடிசைக்கு ஓடியவள் அவள். பங்காளிகள் சிரிக்கச் சிரிக்க என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். அதனால்தான் உங்களோடு இப்படி எழுதிச் சண்டை போட முடிகிறது.

மாதாகோயிலுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டேன் என்றுதானே கோபம்? என்னைத் திட்டுங்கள். ஆனால் பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்காமல் நம் வீட்டுப் பாடை எழுந்ததில்லை. "எனக்கு நீதான் பந்தம் புடிக்கோணும் சாமி" என்று எனக்குத் தலைவாரும்போதெல்லாம் சொல்வாள். அவள் கண் திறந்திருக்கும்போதே நான் வர வேண்டும். வா என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் தங்கை
சென்னியம்மாள்


சேந்தமங்கலம்
7-2-1939

சென்னிக்கு ராசப்பன் எழுதியது.

நீ வர வேண்டாம். பங்காளிகளில் மூத்த அங்கமுத்துப் பெரியப்பா எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார்: "அவ வாசப்படி மிதிச்சா, பங்காளி ஒருத்தனும் பாடைக்குத் தோள் குடுக்க மாட்டான்." அப்பத்தாவை நான் ஒருத்தனாகத் தூக்கிக்கொண்டு போகவா?

நீ போனதுமுதல் அவள் உன் பேரை எடுத்ததில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். பழசையெல்லாம் இனி எழுதாதே.

ராசப்பன்


சேந்தமங்கலம்
12-2-1939

சென்னிக்கு,

அப்பத்தா வெள்ளிக்கிழமை போய்விட்டாள். உனக்கு ஆள் அனுப்பவில்லை.

அன்று காலை பெரியப்பா பார்க்க வந்தார். அத்தனை நாள் பேசாதவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சென்னி வந்தா புடிக்கட்டும். இல்லீன்னா ஒருத்தனும் எனக்குப் பந்தம் புடிக்க வேண்டாம் சாமி" என்றாள். அவருக்கு முகம் செத்துவிட்டது. தாத்தா இறந்த வருஷம் நிலத்தைக் கேட்டு இந்தப் பங்காளிகள் வந்தபோது, விதவை தொடக்கூடாத ஏரைத் தானே பிடித்து உழுதவள் அல்லவா?

சாகிறவள் சொல்லைத் தட்ட யாருக்கும் தைரியமில்லை. கட்டிவைத்த பந்தங்கள் ஏற்றாமலே கிடந்தன. பெரியப்பா இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறார். கருமாதி முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

ராசப்பன்


அஸ்தம்பட்டி
15-2-1939

ராசப்பன் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஏரிக்கரையில் நின்றேன். உங்கள் பதிலைப் பார்த்ததுமே பஸ் ஏறி வந்து குஞ்சம்மாள் வீட்டில் இருந்தேன். பறைச் சத்தம் கேட்டு, நம் வாசல் தெரியும் அந்தக் கரைக்கு ஓடினேன். நம் வாசலில் பாடையைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள். என்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்டிவிட்டீர்கள் என்று மண்ணை வாரித் தூற்றினேன். அவள் எனக்காக இருட்டில் போனாள் என்று இப்போதுதான் தெரிகிறது. கூப்பிடு தூரத்தில் நான் நின்றேனே! எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் புதைத்த இடத்துக்கு வருகிறேன். நெய் கொண்டு வருவேன். பந்தத்தை நீங்கள், பங்காளிகள் பார்க்க, என் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நீங்கள் என் அண்ணா. இல்லாவிட்டால் நமக்குள் இந்தக் கடிதத்தோடு சரி.

சென்னியம்மாள்


சேந்தமங்கலம்
17-2-1939

சென்னிக்கு,

பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். என்னைத் தள்ளிவைப்பார்களாம். கருமாதிக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் பார்க்கப் பந்தத்தோடு நிற்பேன்.

நீ நெய் கொண்டு வராதே. அப்பத்தா படுக்கையில் விழுவதற்கு முன் உருக்கியது அடுக்களையில் ஒரு சொம்பு இருக்கிறது. யாரையும் தொடவிடவில்லை. எதற்கு வைத்திருந்தாள் என்று இப்போது விளங்குகிறது.

வா, சாமி.

உன் அண்ணன்
ராசப்பன்