குடியிருப்போர்: இல்லை

யூலை 14, திங்கள்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து. கந்தோரில் காலை எட்டு மணிக்கே மேசை முழுக்க மணல். யன்னலை மூடினால் அவிகிறது, திறந்தால் கடுதாசி பறக்கிறது.

செய்ய வேண்டியவை: காஸ். மூக்குக்கண்ணாடி (கடையில் கொடுத்து ஒரு மாதம்). தங்கை வாணிக்குப் பதில்.
மூன்றும் செய்யவில்லை.

வெளிக்கொட்டகை, எங்கள் பழைய திறந்தவெளிப் படக்கொட்டகை, அதன் கோப்பு மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. அனுமதி. வியாழன் காலை இடிப்பு. வாகனத் தரிப்பிடம் வரப்போகிறதாம். பக்கத்து மேசைக் குகன்: "மிஸ், உங்கட கொட்டகை போகுது. கச்சான் கடலை வாங்கிக்கொண்டு போய்ப் பாப்பமா?" சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பான்.

இணைப்பு 4 என்னுடைய கள அறிக்கை. ஏப்ரலில் எழுதியது. நிலத்தின் அளவு. திரைச்சுவர், நல்ல நிலை. கிணறு ஒன்று, பாவனையில் இல்லை. குடியிருப்போர்: இல்லை. கீழே என் கையெழுத்து.

அன்றைக்கு வாசலில் ஹனீபா நானா நின்றார். கொட்டகை மூடும்வரை அங்கே படம் ஓட்டிய மனுசன். எழுபது தாண்டியிருக்கும். "இங்க ஆரும் இல்ல மிஸ். நானும் சும்மா இந்தப் பக்கம் வந்தன்." சரி என்று எழுதினேன்.

படம் ஓட்டும் மெசின் அறைக்குக் கீழே, கொடியில் ஒரு சாரம் காய்ந்தது. பக்கத்தில் கேத்தல். கண்டேன். கேட்கவில்லை. நான்கு படம் எடுத்தேன், மூன்றை இணைத்தேன். சாரம் விழுந்த படம் போனிலேயே கிடக்கிறது.

ஏன் கேட்கவில்லை என்று இதில் எழுதலாம், ஆரும் பார்க்கப்போவதில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். பதில் வந்தால் இன்னொரு படிவம். அதோடு, வயதான ஒரு ஆம்பிளையிடம் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்கிற ஆள் இல்லை நான்.

யூலை 15, செவ்வாய்

காற்று அப்படியே. இரவில் ஓடு ஒன்று விலகியிருக்கிறது.

பத்து மணிக்கு ஹனீபா நானா கவுண்டரில். இஸ்திரி போட்ட சேட். வரிசையில் நின்று, தன் முறை வந்தபிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மிஸ், அந்த இடிக்கிற மெசின ஒரு மாசம் பிந்தி அனுப்ப ஏலாதா?"
"ஏன் நானா?"
"சாமான் கொஞ்சம் இரிக்கி."
"என்ன சாமான்?"
"பாய். பெட்டி. கேத்தல்." நாலாவது விரலையும் மடித்து, "நான்."

கதிரை போட்டு இருத்தினேன். ஆறு வருடமாக மெசின் அறையில்தான் இருக்கிறார். கிண்ணியாவில் கட்டிய வீடு மூத்த மகளுக்கு, கல்யாணத்தோடு எழுதிக் கொடுத்தது. இளையவளுக்கு இன்னொன்று. "வீடு குடுக்காட்டி மாப்பிள வருவானா மிஸ்?" மனைவி இருக்கும்வரை மூத்தவள் வீட்டில். மனைவி மௌத்தானபிறகு அது மருமகன் வீடு.

"போகச் சொன்னவையா?"
"ஆரும் ஒண்டும் சொல்லல்ல. நான் வந்தா ரீவி சத்தத்தக் குறைப்பாங்க. அவ்வளவுதான்."

கொட்டகைக்காரர் குடும்பம் வெளிநாடு. வாசல் பூட்டின் திறப்பு இவரிடமே இருந்துவிட்டது.

"ஏப்ரலில ஏன் ஆரும் இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

கவுண்டர் விளிம்பைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பைலோட ஆள் வந்தா ஆரும் இல்ல எண்டுதான் வாய் சொல்லும் மிஸ். இரிக்கிறன் எண்டு சொன்னவனத்தானே சண்டை நேரம் ஜீப்பில ஏத்திக்கொண்டு போன."

எங்கள் வீட்டிலும் அதுதான் பதில். அப்பா குசினிக்குள் நிற்பார், அம்மா படலையில் நின்று ஆரும் இல்லை என்பா. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இந்த ஊரில் வளர்ந்த ஒருத்தி, கம்பசில் புவியியல் படித்தவள், "இல்லை" என்றால் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

பார்க்கிறேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அதை நம்பிக்கொண்டு போனார்.

யூலை 16, புதன்

ஓடு சரிசெய்ய ஆள் வரவில்லை. மீன் நல்லதில்லை, முட்டை.

முழு நாளும் இந்த அலுவல்தான். ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மேலதிகாரி ஐயாவிடம் போனேன். நல்ல மனுசன், கோபிக்கவில்லை. "மிஸ், இல்லை எண்டு எழுதினது நீங்கள்தானே? இப்ப இருக்கு எண்டு எழுதினா ரெண்டில எது பொய் எண்டு கேப்பினம்." மாற்றலாம்தானாம். அங்கே வசிக்கிறார் என்று கிராம சேவகரின் (ஜி.எஸ்.) கடிதம் வேண்டும். வந்தால் மாற்று இடம் கேட்கலாம், இடிப்பும் பிந்தும்.

ஜி.எஸ். (இளம்பிள்ளை, மரியாதையான பெடியன்): "அன்ரி, அவற்ர வாக்கு கிண்ணியாவில பதிஞ்சிருக்கு. மகள்ட வீட்டு விலாசம். அவர் இஞ்ச இருக்கிறார் எண்டு நான் எப்பிடி எழுதுறது?" வழி ஒன்று சொன்னான். தகப்பன் எங்களோடு இல்லை என்று மகள் ஒரு கடிதம் தந்தால் தானும் எழுதலாமாம்.

நானாவுக்குப் போன் பண்ணினேன்.

"அது மட்டும் ஏலாது மிஸ்."
"ஒரு வரிதான் நானா."
"வாப்பா எங்களோட இல்ல எண்டு என்ட புள்ள கையெழுத்து வைக்கிறதா? மருமகன் கடத்தெருவில எப்பிடி நடப்பான்? புள்ளைக்கு அது தெரியவே தெரியாது. நான் காவல் வேல செய்யுறன் எண்டுதான் நினைச்சிட்டிரிக்கா."
"அப்ப நாளைக்கு?"
"நாளைக்கு நாளைக்குத்தானே."

என் வீட்டில் பின் அறை சும்மா கிடக்கிறது. அப்பாவின் கட்டில், காற்றாடி, தனி வாசல். தனியே இருக்கிற பொம்பிளை, வேறு ஊர் ஆள், வேறு சமயம், இந்தத் தெரு. எழுதிப் பார்த்தேன். எழுதத்தான் முடிகிறது.

யூலை 17, வியாழன்

காற்று விழுந்துவிட்டது. சரியான புழுக்கம்.

எட்டரைக்கு இடிக்கிற பெக்கோ வந்தது. நான் கந்தோர் சார்பில் போகவேண்டும். போனேன். குடையோடு நின்றேன்.

வழக்கம்போல, தெருவெல்லாம் திரியும் ஊர் மான்கள் உள்ளே. ஐந்தாறு. பெக்கோக்காரன் ஹோர்ன் அடித்துக் கலைத்தான். ஒன்று போக மனமில்லாமல் சுவருக்கு முன்னால் நின்று அவனையே பார்த்தது. படம் ஓடும்போதும் இப்படித்தான், ஒட்டிய போஸ்டரைப் பசையோடு தின்றுவிட்டு திரைக்கு முன்னால் வந்து நிற்கும். கதாநாயகியின் முகத்தில் கொம்பு முளைக்கும். சனம் விசிலடிக்கும்.

வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள்:
"இதிலதான்ரா நான் உன்ர மச்சாளை முதல்முதல் பாத்தனான்."
"அதுக்குத்தான் இடிக்கிறாங்கள்."

மறக்கமுதல்:

— கூரைத் தகரம் ஒரு புயலில் போனது. திரும்பப் போடவில்லை. கதிரைகள் மழையில் உக்கின. பிறகு ஒரு பக்கச் சுவரையும் எடுத்துவிட்டு, வாகனத்தோடு வரச் சொன்னார்கள். முன்னால் பாய், அதற்குப் பின் சைக்கிள், ஓட்டோ, உழவு மெசின் பெட்டி, கடைசியில் துறைமுக லொறிகள்.
— டிக்கட் ஆளுக்கு இல்லை, வண்டிச் சில்லுக்கு. ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் பெண்சாதியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிவந்த மீன்காரர். வாசலில் பெரிய சண்டை. சட்டப்படி அவர் சரி.
— அப்பாவின் சைக்கிள். பாரில் வாணி, கரியரில் நான். அப்பா நிலத்தில் ஒரு கால் ஊன்றி முழுப்படமும். இப்போது நினைக்க அந்தக் கால் எவ்வளவு நொந்திருக்கும்.
— காதல் பாட்டில் கப்பல் ஊதும்.
— கடைசி றீல்.

கடைசி றீலை எழுதத்தான் வேண்டும். சண்டைக் காலம், ஒன்பதுக்கு ஊரடங்கு. எட்டரைக்குப் படம் எந்த இடத்தில் நின்றாலும் நிற்கும். மைக்கில் ஹனீபா நானா: "மிச்சம் வாற சனிக்கிழமை. கவனமாப் போங்க." படப்பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது கடைசி றீலை மட்டும் ஒரு கிழமை வைத்திருப்பார். அடுத்த சனி முதலில் பழைய படத்தின் முடிவு, பிறகு புதுப் படம். எங்களுக்கு எல்லாப் படமும் யாருடையதோ கல்யாணத்தோடு, அல்லது சாவோடுதான் தொடங்கும். நான் கம்பசுக்குப் போய் முதல் தடவை ஒரு படத்தை ஒரே இருப்பில் பார்த்தபோது, முடிவு இவ்வளவு கெதியாக வந்துவிட்டதே என்று ஒரு மாதிரி இருந்தது.

பத்தேகாலுக்குத் திரைச்சுவரில் கை வைத்தான். வெடித்த இடத்தில் சுண்ணாம்பு அடுக்கு அடுக்காக. வருடத்துக்கு ஒரு பூச்சு. நான் எண்ணத் தொடங்கினேன். தூசி வந்து மறைத்துவிட்டது.

மெசின் அறை கடைசி. நானா என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். பாய், தகரப்பெட்டி, கேத்தல். தெரியாத ஆட்கள் போல இருவரும்.

ஏதாவது கதைக்கவேண்டும் என்று கேட்டேன். ஸ்ரேசனில் ஒருத்தி ஒருவனுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் நிறுத்திய படம், அடுத்த சனி ஊரே மூடிவிட்டது, பிறகு இரண்டு வருடம் கொட்டகை இல்லை. அவன் வந்தானா?

"எனக்கும் தெரியா மிஸ். அந்த றீலை நான் திறக்கல்ல. அப்பிடியே அனுப்பிட்டன்."

"இப்ப எங்க போறீங்கள் நானா?"
"கூட்டாளி ஒருத்தன் இரிக்கான்."

பெயர் சொல்லவில்லை. ஓட்டோ பிடித்துத் தரவா என்றேன். வேண்டாம் என்றார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு துறைமுக றோட்டால் நடந்தார். கந்தோருக்கு வந்து "இடிப்பு நிறைவு" என்று எழுதினேன். அது உண்மை.

யூலை 18, வெள்ளி

காஸ் வாங்கியாயிற்று.

நானாவின் போன் நிற்பாட்டிக் கிடக்கிறது. மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன்.

வாணி ரொறன்ரோவிலிருந்து எடுத்தாள். வெளிக்கொட்டகை இடிந்த செய்தி அவர்களின் குறூப்பில் ஓடுகிறதாம், நூற்றுக்கு மேல் ஆட்கள், ஒருவர் கவிதையும் போட்டிருக்கிறாராம்.

"அக்கா, எனக்கு அழுகையே வந்திட்டுது. நீ பக்கத்தில நிண்டனியாம். உனக்கு ஒண்டும் இல்லையா?"
"புழுக்கமா இருந்தது."
"உன்னோட கதைக்க ஏலாது. சுவர்க்கல்லு ஒண்டு எடுத்து வை, டிசம்பரில வந்து எடுக்கிறன். நல்ல போட்டோ ஒண்டும் தேடு."

ஸ்ரேசன் படத்தைக் கேட்டேன். "வந்தவன் அக்கா! ஓடுற ரெயினிலயிருந்து குதிச்சு வந்தவன். எனக்கு நல்ல ஞாபகம்." அவளும் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது. ஆனால் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பொறாமையாக இருந்தது.

நானாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் குறூப்பில் போடுவாள்.

யூலை 19, சனி

கிண்ணியாவுக்குப் போனேன். பஸ். பாலத்தில் காற்று தலைமயிரைப் பிய்த்தது. மகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு. வரிகளைக்கூட மனதில் அடுக்கிக்கொண்டுதான் போனேன்.

மேல்மாடி வீடு. பச்சை கேற். மகள் நஸீரா, முப்பத்தைந்து இருக்கும், தகப்பனின் நெற்றி. வாப்பாவைத் தெரிந்த கந்தோர் மிஸ் என்றதும் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். தேத்தண்ணி, பிஸ்கட், இன்னொரு தேத்தண்ணி.

"எவ்வளவு சொன்ன மிஸ், இங்க வந்திரிங்க வாப்பா எண்டு. வேலைய உட ஏலாதாம். கொட்டகைய இடிச்சிட்டாங்களாமே? வாப்பாட றூமை இடிக்கல்லத்தானே?"

வாயைத் திறந்தேன். அந்த நேரம் கேற் சத்தம்.

நானா. அதே சேட், இஸ்திரி இல்லை. கையில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு குலை முந்திரிகைப்பழம். சனிக்கிழமையில் வருகிற வழக்கமாம். என்னைக் கண்டதும் படியில் நின்றுவிட்டார்.

"வாப்பா, மிஸ்ஸிட்டத்தான் கேக்கிறன். றூம் இரிக்கித்தானே?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். உள்ளே ரீவி சத்தம் குறைந்தது.

"இருக்கு," என்றேன். "றூமை இடிக்கயில்லை. நல்ல றூம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் நஸீரா. முகமே மாறிவிட்டது.

வாயால் சொன்னதுதான். என்றாலும் இரண்டாவது அறிக்கை.

நானாவும் நானும் பஸ் தரிப்பில் ஒன்றாக நின்றோம். சேட் கொலரில் சுண்ணாம்பு.

"எங்க படுக்கிறீங்கள் நானா?" கடைசியில் கேட்டுவிட்டேன். மூன்று மாதம் பிந்தி.

சிரித்தார். மைக்குக் குரலில், "மிச்சம் வாற சனிக்கிழமை, மிஸ்."

அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். சீனக்குடாச் சந்தியில் இறங்கினார். அங்கே அவருக்கு ஆரைத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மகள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு றோட்டைக் கடந்தார். நானும் இறங்கியிருக்கலாம். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

யூலை 20, ஞாயிறு

திரும்பவும் காற்று. உடுப்புத் தோய்த்தேன். மூக்குக்கண்ணாடியை மறந்தே போனேன்.

வாணி காலையிலிருந்து நாலு தரம்: போட்டோ, போட்டோ. என்னிடம் இருப்பது ஏப்ரலில் எடுத்தவைதான். அறிக்கைக்குப் போன மூன்றும் கோணல், பாதிச் சுவர். அனுப்பாமல் வைத்த படத்தில்தான் திரை முழுதாக இருக்கிறது. வெள்ளையாக, மத்தியான வெயில், அடியில் ஒரு மான். நல்ல படம்.

நாலு மணிக்கு அனுப்பினேன்.

அழுகை முகங்கள், இதயங்கள். குறூப்பிலும் போட்டுவிட்டாளாம். பிறகு:

"அக்கா, பெருப்பிச்சுப் பாத்தனான். வலது மூலையில கொடியில சாரம் காயுது. கேத்தலும் கிடக்கு. அங்க ஆரோ இருந்திருக்கினம் என்ன?"

அவளின் போனில் இரண்டு நீலச் சரி அடையாளம் விழுந்திருக்கும். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.