மூன்றாம் அறையின் உணர்கருவி

மேடிசன் அருகே, மார்ச் 4

அன்புள்ள கார்டன்,

நலம்தானே? மாடிக்குப் போய்த் தலைவரான பிறகு துகள் முடுக்கிச் சுரங்கத்தின் பக்கம் நீ எட்டிப் பார்ப்பதே இல்லை. திருத்தம் கேட்டுப் படிவம் மூன்று முறை அனுப்பினேன், பதில் இல்லை. அதனால்தான் கைப்பட எழுதுகிறேன்.

உன் கணினி மாதிரியில் மூன்றாம் அறையின் ஆக்சிஜன் உணர்கருவி கதவருகே, முழங்கால் உயரத்தில் இருக்கிறது. உண்மையில் அது கூரையை ஒட்டி இருக்கிறது. கேபிள் தட்டு குறுக்கே வந்ததால் மேலே மாட்டிவிட்டார்கள். குளிர்ந்த நைட்ரஜன் கசிந்தால் தரையில்தான் தேங்கும், கீழே ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே இருக்கும் கருவி மணி அடிக்காது. ஆனால் உள்ளே போகலாம் என்று கதவைத் திறந்துவிடுவது உன் கணினி மாதிரிதான். ஏதாவது செய்.

வெர்னா

மார்ச் 10

அன்புள்ள வெர்னா,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! நீ சொல்வது சரி. நானே இறங்கிப் போய்ப் பார்த்தேன், கருவி மேலேதான் இருக்கிறது. ஆனால் இப்போது மாதிரியைத் தொட்டால் எல்லாக் கணக்கையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஆய்வுக் குழு வருகிறது. மாதிரியும் கட்டடமும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாகப் பொருந்துகின்றன என்று சொல்லியிருக்கிறோம். மே மாதம் திருத்திவிடுகிறேன், சத்தியமாக.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு வா. உனக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.

உன் கார்டன்

மே 2

கார்டன்,

நம் சுரங்கக் குழுவின் டுவேனை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். வால்வு பார்க்கப் போய் மூன்றாம் அறையில் நைட்ரஜன் கசிவில் மூச்சடைத்து விழுந்து கிடந்தவன், இப்போது சூப் கிண்ணத்தைக்கூடப் பிடிக்க முடியாமல் இருக்கிறான். மனைவி லொரெய்ன் ஊட்டிவிடுகிறாள். "வெர்னா, மணி அடிக்கவே இல்ல. நான்தான் காதுல வாங்காம போயிட்டேன்னு எழுதியிருக்காங்களாமே?" என்று கேட்டான்.

வந்ததும் விபத்து அறிக்கையைப் படித்தேன். கருவி கதவருகே இருந்ததாம். சாட்சிக்கு உன் மாதிரியின் படம். அடியில் உன் கையெழுத்து.

விபத்து நடந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர் வந்து கருவியைக் கழற்றிக் கதவருகே மாட்டியிருக்கிறார்கள். மாதிரியைத் திருத்தச் சொன்னால் சுவரைத் திருத்துகிறாய்! மேலே பழைய துளைகளை அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தது. மறுநாள் காலை ஏணி போட்டு ஏறித் தொட்டேன். ஈரம் விரலில் ஒட்டியது. எத்தனை முறை சோப்புப் போட்டும் அந்த நாற்றம் போகவில்லை. இருபது வருஷம் உன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்.

வெர்னா

மே 9

அன்புள்ள வெர்னா,

கோபம் நியாயம்தான். ஆனால் நானூறு பேருடைய வேலை இதில் தொங்குகிறது. உண்மை வெளியே வந்தால் இடத்தையே பூட்டிவிடுவார்கள். டுவேன் எப்படியும் இனி வேலைக்குத் திரும்பப் போவதில்லை. அறிக்கையில் அவன் பெயரில் ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்? சுரங்க மேற்பார்வையாளர் பதவிக்கு உன் பெயரை எழுதிவிட்டேன். என் மார்ச் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு. நமக்குள் இருக்கட்டும்.

உன் கார்டன்

மே 14

கார்டன்,

உன் இரண்டு கடிதங்களையும் லொரெய்னிடம் கொடுத்துவிட்டேன். நகல்கள் அவளுடைய வழக்கறிஞரிடம் இருக்கின்றன. பதவி வேண்டாம். வேலையையும் இன்று காலை விட்டுவிட்டேன்.

கட்டிலருகே உட்கார்ந்து லொரெய்ன் உரக்கப் படித்தாள். அந்த "ஒரு வரி" வந்ததும் அவள் கடிதத்தை மடிக்கப் போனாள். டுவேன் விடவில்லை, "படி, படி" என்றான். முடிந்ததும் என்னைப் பார்த்து, "அப்போ தப்பு என் மேல இல்லதானே?" என்றான்.

"இல்லடா," என்றேன்.

இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். உன் வார்த்தைகளை இரண்டாவது முறை கேட்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

வெர்னா