தனியாகக் கேட்கப்பட்டது: ஆம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு ஃபாரம். வழக்கத்தைவிட இரண்டு அதிகம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவள் ஒன்றரைக்குத்தான் எழுந்தேன். கர்ப்பிணிகள் வரிசை வாசல்வரை நின்றது. எல்லாரிடமும் அதே நாற்பத்திரண்டு கேள்விகள். எத்தனையாவது மாதம், சிபிலிஸ் ஊசி எத்தனை போட்டாயிற்று, வீட்டுக்காரர் போட்டுக்கொண்டாரா. உறவில் தொற்றி வயிற்றுக் குழந்தையையும் பாதிக்கும் இந்த நோய் ஊசி போட்ட பிறகும் சிலருக்கு ஏன் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிப்பதற்கான ஆராய்ச்சி இது. யார் கேட்டாலும் இந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது.

முப்பத்தொன்றாவது கேள்வி: "உங்களுக்கு விருப்பம் இல்லாத நேரத்தில் யாராவது கட்டாயப்படுத்தி உறவு கொண்டது உண்டா?" நான்கு வருடமாகக் கேட்கிறேன். அடுத்த நிறுத்தத்தின் பெயர் சொல்லும் கண்டக்டர் குரலில் கேட்கிறேன். அவர்களும் தங்கள் இடம் இன்னும் வரவில்லை என்பதுபோல "இல்லை" என்கிறார்கள்.

என்னை "ஃபாரம் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். கோபம் வரவில்லை. கோபம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒன்பது ஃபாரம். தலைவலி. அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

பச்சைக்குடை வந்திருந்தாள். வெயிலோ மழையோ பச்சைக்குடையோடுதான் வருவாள் என்பதால் எங்களுக்குள் அந்தப் பெயர். ஏழாம் மாதம். இரண்டு முறை ஊசி முழுதாகப் போட்டாயிற்று. கணவன் ஒருமுறைகூட வரவில்லை. இரண்டு பேரும் போட்டு முடிக்கும்வரை சேரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். இன்று லேபிலிருந்து ரத்த முடிவு வந்தது. நான்குக்கு இறங்கியிருந்த அளவு முப்பத்திரண்டுக்கு ஏறிவிட்டது. அப்படியென்றால் புதிதாகத் தொற்றியிருக்கிறது.

மாமியாரும் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அறையில் மூன்று மேஜைகள். நடுவில் இருந்த திரை துவைக்கப்போய்த் திரும்பி வரவில்லை. யாரை எங்கே அனுப்புவது?

முப்பத்தொன்றைக் கேட்டேன். பச்சைக்குடை மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சொன்னார்: "அதெல்லாம் எங்க வீட்ல கிடையாதும்மா." நான் "இல்லை" என்று எழுதினேன். கீழே "தனியாகக் கேட்கப்பட்டதா?" என்ற கட்டத்தில் "ஆம்" போட்டேன். "நோய் திரும்பியதற்குக் காரணம்" என்ற இடத்தில் 3. மூன்று என்றால் "ஆலோசனையைப் பின்பற்றவில்லை".

ஏழு நிமிடத்தில் முடிந்தது. மறுபடி ஊசிக்கு அனுப்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

பர்சன்ட் இன்று அட்டவணையைக் கொண்டுவந்தார். எங்கள் புள்ளிவிவரக்காரர். பஸ் வருமா என்று கேட்டால்கூட "எழுபது பர்சன்ட் வரும்" என்பார். நோய் திரும்பியவர்கள் எண்பத்தெட்டு பேர். அதில் அறுபத்தொரு பேருக்குக் காரணம் எண் மூன்று.

"இவ்வளவு தெளிவா ஒரு ரிசல்ட் நான் பாத்ததே இல்ல" என்றார்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம். ஏப்ரல் பத்தாம் தேதி சுகாதாரத்துறைக் கூட்டத்தில் படிக்கப்போகிறார். சொல்பேச்சு கேட்காதவர்களுக்குத் திரும்பத் திரும்ப மருந்து செலவிடுவதைவிட, ஒத்துழைக்கிறவர்களுக்கு முதலிடம் கொடுக்கலாம் என்பது பரிந்துரை. எல்லாரும் டீ குடித்தோம். அறுபத்தொன்றில் முப்பத்தொன்பது நான் எழுதியவை என்று பர்சன்ட் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மார்ச் 24, திங்கள்

பச்சைக்குடைக்குக் குழந்தை இறந்து பிறந்தது. முடிவு எழுத வேண்டிய கடைசிப் பக்கத்துக்காக வார்டுக்குப் போனேன். அதற்குத்தான் போனேன், ஆறுதல் சொல்ல இல்லை.

கடைசிக் கட்டில். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமியார் வீட்டுக்கு வெந்நீர்ப் பாத்திரம் எடுக்கப் போயிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நான்கு வருடத்தில் ஒரு பெண் என் எதிரில் உண்மையிலேயே தனியாக இருந்தது அநேகமாக இதுதான் முதல் தடவை.

பெண் குழந்தையா ஆண் குழந்தையா என்று கேட்டேன். அது ஃபாரத்தில் உள்ள கேள்வி. "பொண்ணு" என்றாள். பிறகு அவளே பேசினாள்.

"நான் அவர்கிட்ட சொன்னேன்க்கா. டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்கன்னு. கைய எடுத்துக் கும்பிட்டேன். வாயப் பொத்திட்டார். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி போடுற சிஸ்டர் சொன்னாங்க, நான் சொன்ன பேச்சு கேக்காததாலதான் இப்படி ஆச்சாம். நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்காம். நிஜமாக்கா? என்னாலதானா?"

என் ஃபாரத்தைப் பார்த்துத்தான் ஊசி அறை நோட்டில் எழுதுவார்கள். அந்த 3 என் கையெழுத்து.

"இல்லம்மா" என்றேன். அதுவும் கண்டக்டர் குரலில்தான் வந்தது. இதற்கென்று ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், அத்தை வந்துவிடுவார் என்றாள். வந்துவிட்டார். நான் எழுந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

சாப்பிட்டேன். பஸ்ஸில் நல்ல இடம் கிடைத்தது. எட்டு ஃபாரம்.

ஏன் எனக்கு ஒண்ணுமே ஆகல? அழுகை வரல. தூக்கம்கூட கெடல. கல்லா நான்? கையை ஊசியால குத்திப் பாக்கலாம்போல இருக்கு — சரி, இதெல்லாம் எழுதி என்ன ஆகப்போகுது.

மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும்தான் வீட்டில். ஊரார் ரவிக்கையெல்லாம் அவள் மடியில், ஊரார் வியாதியெல்லாம் என் பையில் என்று கேலி செய்வாள். இன்று மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு நாளா ஒரே புடவைய உடுத்தியிருக்கே. உன் மூஞ்சியப் பாத்தா கடை சாத்தின மாதிரி இருக்கு. என்னடி?"

யாருடைய பெயரும் ஊரும் சொல்லக்கூடாது. அதனால் எழுதாத வெற்று ஃபாரம் ஒன்றை எடுத்து முழுவதும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முப்பத்தொன்று வந்ததும் கையை உயர்த்தினாள்.

"இத எங்க வச்சுக் கேப்பே?"

"என் மேஜையில."

"பக்கத்துல யாரு?"

"சில சமயம் யாரும் இருக்க மாட்டாங்க. சில சமயம் மாமியார். புருஷன்."

"புருஷனையே பக்கத்துல வச்சுக்கிட்டா?" அக்கா சிரித்தாள். வேடிக்கைக்குச் சிரித்த சிரிப்பில்லை அது. "ஏண்டி, அளவு எடுக்கறதுக்கே நான் திரையப் போட்டுட்டு ஆம்பளைங்கள வெளிய அனுப்பறேன்."

ஃபாரத்தை மடித்தேன். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து, தைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் கட்டத்துல என்ன போட்டே?"

"ஆம்னு."

மார்ச் 31, திங்கள்

மதிய இடைவேளையில் என் முப்பத்தொன்பது ஃபாரங்களையும் எடுத்து வைத்து ஒவ்வொரு முகமாக நினைவுபடுத்தினேன். பக்கத்தில் வேறு ஆள் இருந்தது நிச்சயமாகத் தெரிவது இருபத்தேழில். மற்றவற்றில் நினைவில்லை. முப்பத்தொன்பதிலும் "ஆம்".

பொய் எழுதுகிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதுதான் எனக்கே புரியவில்லை. கட்டம் காலியாக இருந்தால் பர்சன்ட் திருப்பி அனுப்புவார். அதனால் நிரப்பினேன். முதல் தடவை உறுத்தியிருக்கும். எந்தப் பெண்ணிடம் என்பதுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா கூட்டத்துக்கான பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தனை?"

"ஞாபகம் இருக்கறது இருபத்தேழு மேடம்."

"ஞாபகம் இல்லாதது?"

"தெரியல."

"நாலு வருஷமா ஏன் எங்கிட்ட வரல?"

"தப்புன்னு தோணல மேடம். எதுவுமே தோணல."

ஒரே அறை, மூன்று மேஜை, துவைக்கப்போன திரை — எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் சாக்காகிவிடும். அவரும் அந்த அறை வழியாகத்தான் தினமும் போகிறார்.

"பத்தாம் தேதி இத நான் படிச்சிருந்தா, எத்தனை பேருக்கு அடுத்த ஊசி கிடைக்காமப் போயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். அதான் வந்தேன்."

"போங்க" என்றார். "இன்னைக்கு யார்கிட்டயும் எதுவும் கேக்காதீங்க."

ஏப்ரல் 3, வியாழன்

வேலை உண்டா இல்லையா தெரியவில்லை. போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

முடிவு தெரிந்தது. பத்தாம் தேதிக் கூட்டத்தில் எங்கள் அறிக்கை இல்லை. என்னுடையது மட்டுமல்ல, அறுபத்தொரு பெண்களையும் மறுபடி கூப்பிட்டு வெளியிலிருந்து வரும் இரண்டு பெண்கள் கேட்கப்போகிறார்கள். ஊசி அறை நோட்டிலிருந்து "பின்பற்றவில்லை" என்ற வார்த்தையை அடிக்கச் சொல்லியாயிற்று. நான் இனி எந்தப் பெண்ணிடமும் எந்தக் கேள்வியும் கேட்கக்கூடாது. பழைய ஃபைல்கள் இருக்கும் அறைக்கு மாற்றல்.

மற்ற இரண்டு மேஜைக்காரர்களும் என்னோடு பேசுவதில்லை. அவர்களுடைய ஃபாரங்களும் கிளறப்படுகின்றனவே. நியாயம்தான்.

அக்காவிடம் சொன்னேன். "வேலைய விட்டுத் துரத்தலையே" என்றாள். துரத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்போலத் தோன்றியது. நீண்ட நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று தோன்றியிருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

தூசி. தும்மல். ஃபைல் அறையில் ஜன்னல் திறக்காது.

மே 12, திங்கள்

பர்சன்ட் ஃபைல் அறைக்கு வந்தார். உட்கார நாற்காலி இல்லை. ஒரு அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

அறுபத்தொரு பேரில் ஐம்பத்திரண்டு பேர் வந்தார்களாம். கதவைச் சாத்தி, ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து பேர் "ஆமாம்" என்றிருக்கிறார்கள். கணவனிடம் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை என்று. இரண்டு பேர் விஷயத்தில் அது கணவன்கூட இல்லை.

"முப்பத்தஞ்சு பேர்" என்றார் மறுபடி. அதற்குமேல் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் காலிக் கட்டம் இருந்தா திருப்பி அனுப்புவேன்" என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

பச்சைக்குடை அந்த ஐம்பத்திரண்டில் இல்லை. வரவில்லை.

மே 26, திங்கள்

பழைய ஃபைல்களையெல்லாம் மாடிக்கு ஏற்றச் சொன்னார் டாக்டரம்மா. இந்த அறைதான் இனிமேல் கேட்கும் அறையாம். கதவு இருக்கிறதே, அதனால். தச்சர் வந்து ஜன்னலையும் திறந்துவிட்டார்.

காரணப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "மறுக்க விடப்படவில்லை". டாக்டரம்மா அதை என்னிடம் காட்டினார். வாக்கியம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். ஏழு வாரத்தில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"அப்ப நான் எங்க உக்கார்றது மேடம்?"

"வாசல்ல. ஒருத்தர் உள்ள இருக்கறப்ப இன்னொருத்தர் போகாமப் பாத்துக்கங்க."

ஜூன் 19, வியாழன்

பச்சைக்குடை வந்தாள். ரத்தப் பரிசோதனைக்கு மாமியாரோடு வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். மாமியார் மருந்துச் சீட்டு வரிசையில் நின்ற நேரத்தில் நான் அவளிடம் போனேன். கேள்விதான் கேட்கக்கூடாது. சொல்லலாம்.

"உன் ஃபாரத்துல அந்த மூணப் போட்டது நான்தான். உங்கிட்ட தனியா கேக்கவே இல்ல, கேட்டேன்னு எழுதிட்டேன். உன்மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நோட்டுல அடிச்சாச்சு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியும்க்கா. நீங்க எழுதறப்ப பாத்துட்டுத்தானே இருந்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. "அந்த ரூம்ல கேக்கறாங்களாமே, நான் போகலாமா?" என்றாள். அழைத்துப்போய் உள்ளே கேட்கும் பெண்ணிடம் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஆலோசகரும் உள்ளே போனார்.

மாமியார் சீட்டோடு வந்தார். "அவ எங்க?"

"உள்ள இருக்காம்மா. இப்ப யாரும் போகக்கூடாது."

"நான் மாமியார்."

"தெரியும்மா. உக்காருங்க."

ஐம்பது நிமிடம் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. பச்சைக்குடை வந்து மாமியார் எதிரில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. குரல் நடுங்கவில்லை.

"நீங்க போங்க அத்தை. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். போன் பண்ணிட்டேன், வந்துட்டு இருக்காரு."

அந்தம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. தடுக்கவும் இல்லை. ஆலோசகர் அவளை வாசல்வரை கூட்டிப்போனார். நான் மாமியார் எழுந்து போவார் என்று காத்திருந்தேன். எழவில்லை. மருந்துச் சீட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"அவளக் கூட்டிட்டு வராமப் போனா அவன் என்னைச் சும்மா விட மாட்டான்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்."

பெஞ்சில் அவர் பக்கம் திரும்பினேன். நான் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டேன்.

"உள்ள போய் பேசுறீங்களாம்மா? யாரும் வர மாட்டாங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முட்டியில் கையை ஊன்றி எழுந்தார். அவர் உள்ளே போனதும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, நாற்காலியை அதன் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.