திவசம் இல்லாத தெய்வானை

நேற்று மகள் உங்கள் குளிர்கால ஜாக்கெட்டைப் பழைய உடுப்புப் பெட்டிக்குள் போடவென்று எடுத்து வைத்திருந்தாள். நான் அதைத் தொட்டதுதான் தாமதம், கருகிய பட்டர் வாசம் குப்பென்று அடித்தது. எத்தனை தரம் கழுவியும் நீங்கள் சமையல் வேலை செய்த இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினி அதை விட்டுப் போகவில்லை. “இதை இனி ஆரம்மா போடப்போகினம்?” என்றாள். “நான் போடுவன், உனக்கென்ன?” என்று பறித்து அலுமாரிக்குள் திரும்பக் கொழுவிவிட்டேன். உங்களோடு கதைத்து நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

இஞ்சருங்கோ, உங்களைப் போல ஊர்க்கதை கிளறி விடுப்புக் கேட்கிற மனிதரை நான் கண்டதேயில்லை. கலியாண மண்டபத்தில் மற்ற ஆண்கள் அரசியல் கதைத்துக்கொண்டிருக்க, நீங்கள் வயதான அம்மாமாருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, “உங்கட வீட்டில ஆரின்ர சாவுக்கு ஆர் துடக்குக் காத்தவை?” என்று தொடங்கிவிடுவீர்கள். நல்ல நாளில் கேட்கிற கேள்வியா அது! எனக்கு மானம் போகும். ஆனால் உங்களுக்கு அதுதான் வழி. ஒரு சாவின் தீட்டுக்காக யார் யார் கோவிலுக்குப் போகாமல், மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்காமல், கொண்டாட்டம் வைக்காமல் இருந்தார்களோ அவர்கள் ஒரே பரம்பரை. எங்கள் ஆட்கள் சொந்தத்தை அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே ஹோட்டலில் கிடைக்கும் ஓய்வில்கூட நீங்கள் படுத்ததில்லை. கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் போட்டு இதே விசாரணைதான்.

எல்லாம் தெய்வானைக்காக. அவள் உங்கள் பூட்டனின் தங்கை. உங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் “அவ சின்னனிலேயே செத்துப்போனா” என்பதோடு கதை முடிந்துவிடும். எல்லோரும் அதை நம்பினார்கள். நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்: “செத்தவவுக்கு ஏன் ஒருநாளும் திவசம் செய்யேல்லை?”

கேட்டுக் கேட்டுத்தான் உண்மை வந்தது. தெய்வானை சின்ன வயதில் சாகவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் படிக்கப் போனாள். உங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவள்தான். அவள் படலையைத் தாண்டிய அன்றைக்கே அவளின் தகப்பன், வீட்டு ஆட்கள் எல்லோரையும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சாவீட்டில் போலத் தலைமுழுக வைத்தாராம். பிறகு அவள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, சாரா என்று பெயர் மாற்றி, கலியாணம் கட்டி, ஊர் ஊராய்ப் பிள்ளைப்பேறு பார்த்து, தலை நரைத்துத்தான் செத்தாள். அந்தச் செய்தியைக்கூட உங்கள் வீட்டில் யாரும் வாங்கவில்லை. இதை எனக்குச் சொன்னபோது நீங்கள் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதீர்கள்.

சாராப் பாட்டியின் வழி வந்த அக்கா ஒருவர் இங்கே சுவிஸிலேயே, ஷ்லீரனில் இருக்கிறா என்று தெரிந்த ஞாயிறே என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினீர்கள். அவ எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னா. ஆனால் முகம் இறுகிப்போயிருந்தது.

“செத்தவ எண்டு நீங்கள் தலைமுழுகின ஆளின்ர பிள்ளையள் நாங்கள். இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?”

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனாங்கள், அக்கா. எங்களையும் சொந்தமெண்டு வைச்சிருங்கோ.”

“அது அப்பவே முடிஞ்சுது, தம்பி.”

ஒரு தேத்தண்ணிகூடத் தரவில்லை. திரும்பி வரும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்கட பூட்டன்ர தகப்பன் முழுகினதுக்கு நீங்களேன் இன்னும் ஈரத்தோட நிக்கிறியள்?” என்று பாய்ந்தேன். நீங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “ஆராவது துவட்டத்தானே வேணும்” என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவவுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தீர்கள். ஒருமுறையும் அவ எடுக்கவில்லை. “வேலையா இருப்பா” என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்வீர்கள். “ஒரே ஒருக்கா அவ எங்களைச் சொந்தமெண்டு சொன்னாப் போதும், எனக்கு வேறயொண்டும் வேண்டாம்” என்று என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா?

அதைக் கேட்காமலே போய்விட்டீர்கள். பனி உருகத் தொடங்கிய கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினியிலேயே சரிந்தீர்களாம், அவ்வளவுதான். உங்களைத் தகனம் செய்த அன்று, அவ்வளவு சனத்துக்குள்ளும் நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று வாய்விட்டே திட்டினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஆட்கள் சாப்பிட இருந்த நேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்த அக்கா, நனைந்த குடையோடு.

“செத்தவீட்டுக்கு வர முகமில்லை, தங்கச்சி” என்றா. “ஆனா மரண அறிவித்தல் பாத்த நாள் தொடக்கம் வீட்டில மச்சம் காச்சேல்லை. பேத்தின்ர பிறந்தநாளும் செய்யேல்லை. எங்களுக்கும் துடக்கெல்லே?”

இல்லை. முறைப்படி இல்லவே இல்லை. துடக்கு ஆண்வழிக்குத்தான், கலியாணம் கட்டிப் போன பெண்ணின் வழிக்குக் கிடையாது. வேதக்காரருக்கு இந்த வழக்கமும் இல்லை. யாரோ எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு அந்த மனுசி பிழையாகக் காத்திருக்கிறா. சுவிஸில் பாதிச் சனம் முறை கேட்டு எனக்குத்தான் போன் எடுக்கும். பிழை விட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன், என் வாய் உங்களுக்குத் தெரியும்தானே. அன்றைக்கு அந்த வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“ஓம் அக்கா, துடக்குத்தான்” என்றேன். “இண்டையோட கழிஞ்சுது. வாங்கோ, எங்களோட இருந்து சாப்பிடுங்கோ.”

அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். உங்கள் படத்தைப் பார்த்து, ‘கேட்டதோ உங்களுக்கு, கேட்டதோ!’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டிய சொல்லல்லவா அது. உங்களுக்குப் பதிலாக நான் கேட்டேன்.

இன்று கோவிலில் தேர். காலையிலேயே மகள் சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னம்மா, இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

“எங்களுக்குத் துடக்கு. கோயிலுக்குப் போகேலாது.”

“ஏன், ஆர் செத்தது?”

ஷ்லீரன் அக்காவின் தமையன் லண்டனில் முந்தநாள் போய்விட்டார். நானும் பார்க்காத மனிதர், நீங்களும் பார்க்காதவர். பூட்டனில் தொடங்கி அவளுக்கு முறையை விளங்கப்படுத்தலாம் என்றுதான் வாயெடுத்தேன்.

“உன்ர பெரியப்பா” என்றேன்.