ஃபிளெக்ஸில் செத்தவன்

வில்லாபுரம், மதுரை.
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஆல்பினுக்கு,

அப்பா எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். அன்றிலிருந்து நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் வாயில் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால்தான் மெல்போர்னுக்கு இந்தக் கடிதம்.

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. மருமகள் ஆன்சிக்கு முதுகுவலி தேவலையா? குனிந்து பாத்திரம் கழுவவிடாதே.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் காலத்துக்குப் பிறகு இந்த வீடு, அம்மா கடைசியாக இருந்த புற்றுநோய் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதி, பதிந்தும் விட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பேசும்போதே உன்னிடம் சொன்னேன். "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்றாய். இது என் சம்பளத்தில் நான் கட்டிய வீடு. யாரும் கேட்டு எழுதவில்லை. இல்லத்து டாக்டரம்மாகூட, "மகனைக் கலந்துக்கிட்டு எழுதுங்க சார், எங்களுக்கு அவசரமில்ல" என்றுதான் சொன்னார்கள். அம்மாவின் மார்புப் புண் வெடித்த பிறகு, பார்க்க வந்த சொந்தங்கள் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு வாசலோடு போனார்கள். அந்த இல்லத்தில் நர்ஸ் தமிழ்வாணி தினமும் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, அம்மாவுக்குத் தலையும் வாரிவிடும். வலிக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுத்தார்கள். அதுவரை அலறிக்கொண்டிருந்தவள் அயிரை மீன் குழம்பு வேண்டும் என்று கேட்டாள். அதை நான் மறக்க முடியாது.

இது உன் சூசை மாமா காதுக்குப் போனதுதான் வினை. வார்டு எலெக்‌ஷனில் நிற்கிற ஆசை அவருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். "தன் காலத்துக்குப் பின் ஏழை நோயாளிகளுக்குத் தன் வீட்டையே ஈந்த எங்கள் மச்சான்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்த ஃபிளெக்ஸ் கடைக்காரர், ஆள் போய்விட்டார் என்றே முடிவுகட்டி, என் படத்துக்கு இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, மேலே ஒரு சிலுவை, சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டுவிட்டார். மாமா பார்த்தது தன் படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்பதை மட்டும். கும்பிட்டபடி என்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக நிற்கிறார். இன்னும் அந்த ஃபிளெக்ஸை எடுக்கவில்லை. மெழுகுவர்த்தி மேல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறார்.

மறுநாள் காலையிலேயே மாலையும் கையுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். என் ஆபீசில் பியூனாக இருந்த விருமாண்டி, கதவைத் திறந்தது நான் என்றதும், "அய்யய்யோ சார்" என்று மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அவன் அழுத முகத்தோடு வந்திருந்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "வீடு அம்புட்டையுமா எழுதிட்டீக? மாடியையாச்சும் மகனுக்கு விட்டிருக்கலாம்ல" என்று சுவரையும் கூரையையும் கண்ணால் அளந்தார்கள். சீ என்றிருந்தது.

அன்று மத்தியானம் மாமா சமாதானம் சொல்ல வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீ அவருக்கு போன் செய்தாய். யாரோ அனுப்பிய ஃபிளெக்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, நான் செத்துவிட்டதாக நினைத்திருக்கிறாய். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், உனக்கே தெரியும். "மாமா, டிக்கெட் கிடைக்கல, நான் வர முடியாது. வீட்டப் பூட்டி சாவிய நீங்களே வச்சுக்கங்க. அந்த ஹோம் ஆளுக யாரையும் உள்ள விட்றாதீங்க. உயில ரிஜிஸ்டர் பண்ணிட்டாரா? கேஸ் போட்டா நிக்குமா?" என்றாய். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மாமா பதறிப்போய், "டேய், ஒங்கப்பா இங்கனதான்டா ஒக்காந்திருக்காரு" என்றார். நீ போனை வைத்துவிட்டாய்.

அதிர்ச்சியில் உளறிவிட்டதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். அதிர்ச்சியில் பிள்ளைகளுக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். மாலை கொண்டு வந்தவர்கள் மேல் வந்த அருவருப்பு காபி டம்ளரைக் கழுவி வைத்ததோடு போய்விட்டது. உன் குரலைக் கேட்டு வந்தது இன்னும் போகவில்லை. நான் வளர்த்த பிள்ளையின் குரலுக்கு என் உடம்பு கூசியது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

உயிலை மாற்ற மாட்டேன். உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று வக்கீல் சொன்னார். எனக்கு மனமில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, நீ பேசியதற்கு முன்பும் இதே முடிவுதான். கேஸ் போடுவதென்றால் போடு. அம்மாவின் புண்ணைத் தொட்டுக் கழுவிய அந்த நர்ஸ் பிள்ளையைக் கோர்ட்டு வாசலில் நிறுத்துவாய், அவ்வளவுதான்.

ஆன்சிக்கு என் ஆசீர். ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஆல்பின். அன்று மாமாவிடம் அத்தனை கேட்டாய். அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை, நிஜமாகவே, அந்தச் செய்தி உனக்கு வரும். வீட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேள். அதற்கு முன்னால், அப்பாவுக்குக் கடைசியில் வலித்ததா என்று மட்டும் கேட்டுவிடு.

உன் அப்பா,
இன்பசேகரன்