சமையலறை ஜன்னலில் மலை

அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதுவது. இங்கே நான் ஒருவன்தான், அந்த ஒருவன் சௌக்கியமாகவே இருக்கிறேன். நீயும் மகளும் மாப்பிள்ளையும் குட்டிப் பேரனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எங்கே பேச முடிகிறது? மகள் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறாள். மாப்பிள்ளை இருமுவது கேட்கிறது, பேரன் கத்துவது கேட்கிறது, மிக்சி ஓடுவது கேட்கிறது. நான் பெண்டாட்டியிடம் பேசுகிறேனா, மேடை போட்டுப் பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அதனால்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், "இங்க எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சமாசாரம். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நீ கிளம்பும்போது வாடியிருந்த செடி தளிர்விட்டிருக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை, தொந்தரவு பண்ணாமல் இருந்தேன், அவ்வளவுதான். சோறு குழையாமல் வடிக்க வந்துவிட்டது. கடுகு மட்டும் இன்னும் என் முகத்தைப் பார்த்துத்தான் வெடிக்கிறது. மாத்திரைகளை மறக்காமல் சாப்பிடுகிறேன். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிற பஸ் டிப்போவை இடிக்கப் போகிறார்கள். பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே புது டிப்போவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். காலியான அந்த இடத்தில் நகராட்சியே பன்னிரண்டு மாடி கட்டி, ஊரில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடலாம் என்று ஒரு திட்டம். ஆனால் சரிவில் மூன்று மாடிக்கு மேல் யாரும் எழுப்பக் கூடாது என்று பழைய சட்டம் இருக்கிறதே. மேட்டுத் தெருவில் நடக்கிற எவனுக்கும் ஏரியும் அக்கரை மலையும் மறையக் கூடாது என்பதற்காக யாரோ புண்ணியவான்கள் போட்டது. அதை எடுத்துவிடலாமா, வேண்டாமா என்று ஊரைக் கூட்டிக் கேட்டார்கள்.

கேட்பதற்கு முன்னால் டிப்போ முற்றத்திலிருந்து ஒரு ஆரஞ்சு பலூனைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டார்கள். கட்டடம் அவ்வளவு உயரம் வரும், அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நான் நம் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். மலை உச்சிக்கும் மேலே ஒரு சாண் தள்ளி அது ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

அன்றைக்கு முழுக்க எனக்குப் பழைய ஞாபகம்தான். கல்யாணமான புதிதில் வீடு தேடி அலைந்தோமே, நினைவிருக்கிறதா? புரோக்கர் காட்டிய இன்னொரு வீட்டில் இரண்டு பெரிய அறை, எந்நேரமும் தண்ணீர். இந்த வீட்டிலோ கூரை ஒழுகியது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீ அந்த ஜன்னலைத் திறந்தாய். திறந்தவள் திரும்பவே இல்லை. புரோக்கர் பாட்டுக்கு வாடகை, முன்பணம் என்று பேசிக்கொண்டே போகிறார். நீ வெளியே பார்த்தபடியே "இதுவே போதும்" என்றாய். என் அப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, வீட்ட வாடகைக்கு எடுத்தியா, மலைய வாடகைக்கு எடுத்தியா?" என்று கேட்டார். பிறகு கடனோ உடனோ வாங்கி அதையே சொந்தமாக்கிக்கொண்டோம். அப்போதும் நான் வாங்கியது நான்கு சுவர், நீ வாங்கியது ஒரு ஜன்னல்.

நமக்குள் எத்தனை சண்டை! நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். அப்போதெல்லாம் நீ காய் நறுக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்து, "மேகம் எறங்கிடுச்சு" என்பாய். என்னிடம் சொன்னதல்ல, மலையிடம் சொன்னது. நான் கூடத்தில் உட்கார்ந்தபடி, "ஆமா, மழ வரும்போல" என்பேன். அதுவும் மலைக்குச் சொன்ன பதில்தான். அதோடு சண்டை முடிந்துவிடும். யாரும் யாரிடமும் இறங்கி வந்ததாக ஆகாது. அந்த மலை இல்லாவிட்டால் நாம் எப்போதோ பிரிந்திருப்போம் என்று நீயே ஒருதரம் சொல்லியிருக்கிறாய்.

அதற்கும் முந்தின கதை ஒன்று இருக்கிறது. நீ தண்ணீர் வாரிய ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தபோது என் பஸ்ஸில்தான் ஏறுவாய். இடது பக்க ஜன்னலோர சீட். ஏரி வளைவில் வண்டி திரும்பும்போது மலை முழுதாகத் தெரியும். நீ கழுத்தை நீட்டிப் பார்ப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நான் வண்டி நிற்கிற அளவுக்கு வேகத்தைக் குறைப்பேன். கண்டக்டர், "இங்க யாருக்கும் ஸ்டாப்பிங் இல்லையே, ஏன் வண்டி நிக்குது?" என்று கத்துவார். "பிரேக்கு சரியில்லப்பா" என்பேன். அந்த பிரேக் உன் கழுத்தில் தாலி ஏறுகிறவரை சரியாகவே இல்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். நம் தெருச் சங்கத்துச் செயலாளர் பேங்க்காரர், என்னோடு காலையில் நடக்க வருவாரே, அவர் வீடு தேடி வந்தார். முப்பது வருஷம் இந்த ரோட்டில் பஸ் ஓட்டியவன் பேசினால் எடுபடும் என்றார். "நீங்க பேசினா ஊரே கேக்கும், எதிர்ப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க போதும்" என்றார். இரண்டு பக்கம் எழுதியும் காட்டினார். அதில் பாரம்பரியம், காட்சி உரிமை என்று பெரிய பெரிய வார்த்தைகள். எனக்கும் சம்மதம்தான். மனசார எதிர்க்கத்தான் போனேன்.

நகராட்சி மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் ஏரிக்கரை ஹோட்டல் முதலாளி பேசினார். மலை இந்த ஊரின் உயிர், அதை மறைத்தால் ஊர் செத்துவிடும் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். பின்வரிசையிலிருந்து யாரோ, "உங்க ஹோட்டல் எத்தன மாடிங்க?" என்று கேட்டார்கள். சட்டம் வருவதற்கு முன்பே அவர் ஆறு மாடி கட்டிவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். மண்டபம் சிரித்து ஓய நேரமாயிற்று. பிறகு ஒரு என்ஜினீயர் படம் போட்டுக் காட்டினார். படத்தில் எல்லா மரமும் ஒரே உயரத்தில், எல்லா மனிதர்களும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள்.

அப்புறம் நம் பக்கத்து வீட்டு நர்ஸ் எழுந்தாள். உன் முழங்காலுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போட்டாளே, அவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், சீருடை கூட மாற்றவில்லை. அவள் விஷயம் உனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரர் அவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விடப் போகிறாராம். "மலை தெரியும் அறைகள்" என்று போர்டு கூட எழுதியாகிவிட்டது. அவளும் புருஷனும் ஊர் முழுக்கத் தேடிவிட்டார்கள். அவர்கள் கைக்கு எட்டுகிற வாடகையில் ஒரு வீடும் இல்லை. அக்கரைக்கும் அப்பால் போனால்தான் கிடைக்கும், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

அவள் சத்தம் போட்டுப் பேசவில்லை. "எனக்கும் மலை பிடிக்கும். பிடிக்காதுன்னு யாரு சொன்னா? ஆனா அங்க குடி போயிட்டா நான் இருட்டுல கெளம்பி இருட்டுலதான் வீடு திரும்புவேன். எம் பொண்ணு முகத்தையே ஞாயித்துக்கெழமதான் பாப்பேன். மலைய எப்பப் பாக்குறது?" என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

பேங்க்காரர் தாளை என் கையில் திணித்தார். எழுந்து போய் மைக் முன்னால் நின்றேன். கண்ணாடி போட்டிருந்தும் ஒரு எழுத்தும் ஓடவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஏரி வளைவைச் சொன்னேன், பிரேக் கதையைச் சொன்னேன். (கோபித்துக்கொள்ளாதே, உன் ஆபீஸ் பெயரை மட்டும் சொல்லவில்லை.) எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பேங்க்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அப்போது தலைமை வகித்த ஆணையரம்மா, "ஐயா, நல்லாப் பேசினீங்க. ஆனா ஆதரவா, எதிர்ப்பா? அதச் சொல்லுங்க, பதிவு பண்ணணும்" என்றார்.

நான் நர்ஸைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

"எனக்கு அந்த மலை வேணும்மா. என் வீட்டு ஜன்னல்ல வேற எதுவும் இல்ல. ஆனா நான் பஸ் ஓட்டினவன். நான் உக்காந்துட்டேன், இனிமே யாரையும் ஏத்தாதேன்னு உள்ள இருந்து கத்துற ஆளுங்கள முப்பது வருஷமாப் பாத்திருக்கேன். அந்த ஆளா நான் ஆக மாட்டேன். ஆதரவுன்னே எழுதிக்குங்க" என்றேன்.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

முடிவு போன வாரம் வந்தது. பன்னிரண்டு இல்லை, எட்டு மாடி. ஏரி வளைவில் மட்டும் ஒரு பக்கம் முழுக்க எதுவும் கட்டக் கூடாது, நடக்கிறவர்கள் நின்று பார்க்க இடம் விட வேண்டும் என்று உத்தரவு. ஊருக்கு மலை உண்டு. நம் ஜன்னலுக்குத்தான் இல்லை. பலூனை எட்டு மாடிக்கு இறக்கிக் காட்டினார்கள். உச்சியும் நடுவும் போய்விடும். இடது ஓரத்தில் மலையின் தோள்பட்டை கொஞ்சம் தெரியும். எட்டிப் பார்த்தால் ஏரியில் ஒரு கீற்று.

பேங்க்காரர் இப்போது சாலையின் அந்தப் பக்கமாக நடக்கிறார். நான் இந்தப் பக்கம். ஒரே வேகத்தில்தான் நடக்கிறோம், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நேற்று அவர் தும்மினார், நான் "பாத்து" என்றேன், "ம்" என்றார். சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

நர்ஸ் நன்றி சொல்ல வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. புது வீடுகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்களாம், அவளுக்குக் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. வாசலில் பார்த்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்: "அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?" இல்லை என்றேன். "அக்கா ஜன்னலாச்சே" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஆமாம், உன் ஜன்னல்தான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அங்கே மைக் முன்னால் நின்றுகொண்டு எப்படிக் கேட்பது? ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ என் இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துத்தான் சொன்னேன். தப்பாக யோசித்திருந்தால் எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டு. எழுத்தில் திட்டாதே, நேரில் திட்டு.

போன கடிதத்தில் நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். வீட்டை விற்றுவிட்டு நீங்களும் இங்கேயே வந்துவிடுங்களேன் என்று மகள் சொல்வதாக எழுதியிருந்தாய். மகள் சொல்வதாக எழுதியிருந்தாய், நீ சொல்வதாக எழுதவில்லை. அந்த வரியை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு விளங்கவில்லை. உன் மனசு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் என்ன பதில் எழுத? பேரன் பிறந்ததற்குத் துணையாகப் போனவள், இப்போது அவன் சுவரைப் பிடித்து நடக்கிறானாம். சந்தோஷம்தான். அவன் உன்னை விட மாட்டேன் என்கிறான் என்றாய். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மழைக்காலம் வந்து முடிந்ததும் அஸ்திவாரம் தோண்டுவார்கள். அதுவரை மலை முழுசாக இருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் மேகம் இல்லை, நல்ல வெளிச்சம். மேகம் இறங்கினாலும் சொல்வதற்கு ஆளில்லை, நானே சொல்லி நானே கேட்டுக்கொள்கிறேன்.

பேரனுக்கு என் முத்தம். மகளும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழட்டும். உன் முழங்காலுக்குக் குளிர் ஆகாது, காலுறையைக் கழற்றாதே. பத்து நாளைக்காவது வந்துவிட்டுப் போ. வருவதாக இருந்தால் பதில் எழுத வேண்டாம், நேராக வந்து நில். வரவில்லை என்றால் மட்டும் எழுது. ஆனால் அதை அவசரப்பட்டு எழுதிவிடாதே, மெதுவாகவே எழுது.

என்றும் உன்,
டிரைவர்